மரத்துக்கும் உண்டு ஜிஎஸ்எம்

தொழிற்புரட்சிக்கு முன் காற்றின் பத்து லட்சம் பங்கில் 280 பங்காக இருந்த கரியமில வாயு இன்று 420-ஐத் தாண்டிவிட்டது. இலைக்கு அதுதான் சாப்பாடு, ஆகவே மரங்களுக்கு இனி நல்ல காலம் என்று வாதிடுவோர் உண்டு. மரம் வேகமாக வளரும் என்பதில் ஓரளவு உண்மை இருக்கிறது. வளர்வது உறுதியான மரமா என்பது வேறு கேள்வி. திருப்பூர்க்காரர்களுக்கு இதை விளக்குவது சுலபம். ஒரு கிலோ நூலை லூப் தளர்த்தி ஓட்டினால் துணி நீளம் கூடும், ஜிஎஸ்எம், அதாவது ஒரு சதுர மீட்டர் துணியின் கிராம் எடை, இறங்கிவிடும். நூல் என்னவோ அதே நூல்தான். செல்சுவரின் பொருளும் எல்லா மரத்திலும் ஏறத்தாழ ஒரே அடர்த்தி, கன சென்டிமீட்டருக்குச் சுமார் 1.5 கிராம். இலவம் லேசாகவும் கருவேலம் கனமாகவும் இருப்பதற்குக் காரணம், சுவர் எவ்வளவு, நடுவே வெற்றிடம் எவ்வளவு என்ற கணக்கு.

இந்தக் கணக்கு மாறிவருவதற்குச் சான்று இருக்கிறது. 1870 முதல் அளக்கப்பட்டுவரும் மத்திய ஐரோப்பியக் காடுகளை ஆராய்ந்த மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் ஹான்ஸ் பிரெட்ஷ் குழு, 1900-க்குப் பிறகு மர அடர்த்தி 8 முதல் 12 சதவீதம் குறைந்திருப்பதாக 2018-இல் அறிவித்தது. மரங்கள் முன்பைவிட வேகமாகப் பருத்தன, ஆனால் லேசாகிவிட்டன. பழி முழுவதையும் கரியமில வாயுமேல் போடவும் முடியாது. வெப்பம் கூடியதால் நீண்ட வளர்பருவத்தையும், உரத்திலிருந்தும் வண்டிப் புகையிலிருந்தும் மண்ணில் வந்து சேரும் நைட்ரஜனையும் அந்தக் குழு காரணமாகக் காட்டியது. சிட்னிக்கு மேற்கே ஒரு யூகலிப்டஸ் காட்டில் நடப்பது இதன் மறுபக்கம். அங்கே 2012 முதல் கரியமில வாயுவைக் கூடுதலாக ஊட்டியும் அடிமரம் கூடுதலாகப் பருக்கவில்லை. மண்ணில் பாஸ்பரஸ் பற்றாக்குறை. ஆக, காற்று தருவது வாய்ப்பு. அதை மரம் என்னவாக மாற்றும் என்பதில் கடைசிச் சொல் மண்ணுடையது.

திருப்பூர் வட்டாரத்தில் அந்த மண்ணுக்கு இரண்டு முகம். ஒன்று நொய்யல் ஆற்றங்கரை. பருத்தித் துணியில் சாயம் ஏற உப்பு வேண்டும். சோடியம் குளோரைடும் சோடியம் சல்பேட்டும் பல ஆண்டுகள் ஆற்றில் போய், 1992-இல் கட்டிய ஒரத்துப்பாளையம் அணையில் தேங்கின. 2011 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டது இதனால்தான். களிமண்ணில் சோடியம் ஏறினால் கால்சியம் வெளியேறுகிறது. மண் இறுகி, வேருக்குக் காற்றும் நீரும் எட்டாமல் போகிறது. செல்சுவரைப் பிணைக்கவும் மரத்துக்குக் கால்சியம் தேவை. உப்பு மண்ணில் நீர்க்குழாய்கள் குறுகிப்போவதால் மரம் சில சமயம் அடர்த்தியாகக்கூட ஆகும், அப்படியானால் உப்பு நல்லதுதானே என்று ஒருவர் கேட்கலாம். அந்த அடர்த்தி பட்டினியால் வந்தது. வேர் பிடிப்பில்லாத மரத்தின் தண்டு எவ்வளவு கெட்டியாக இருந்தாலும், சாயும்போது வேரோடுதான் சாயும். இன்னொரு முகம் காங்கேயத்தின் மேய்ச்சல் நிலமான கொறங்காடு: கிளுவை வேலி, கொழுக்கட்டைப் புல், இடையிடையே வெள்வேல். மழை குறைந்த அந்தச் சரளை மண்ணில் வெள்வேல் நிதானமாக வளர்ந்து வைரம் பாய்கிறது.

வலுவான ஆட்சேபம் ஒன்று உண்டு. தண்டின் வளையாத்தன்மை விட்டத்தின் நான்காம் அடுக்கில் ஏறும். பத்து சதவீதம் பருத்தாலே அது ஒன்றரை மடங்குக்கு அருகில் போய்விடும், அடர்த்தி கொஞ்சம் குறைந்தால் என்ன? பருமன் மட்டும் கூடினால் இது சரி. நெருக்கி நட்டு, உரமும் சொட்டுநீரும் கொடுத்து வளர்க்கும் மலைவேம்பு உயரத்திலும் அல்லவா ஓடுகிறது? காற்றின் விசை தழையோடும் உயரத்தோடும் கூடிவிடுகிறது. தவிர, மரத்தின் முதல் சில ஆண்டு வளையங்கள் இயல்பிலேயே இளகியவை. சீக்கிரம் வெட்டினால் கையில் கிடைப்பதில் பெரும்பகுதி அதுதான். இனத்துக்கு இனம் வித்தியாசமும் உண்டு. வேகமாக வளர்ந்த தேக்கு மட்டம் என்ற நம்பிக்கைக்கு ஆய்வுகள் அவ்வளவாக ஆதரவு தரவில்லை.

2015-இல் தொடங்கிய 'வனத்துக்குள் திருப்பூர்' திட்டத்தில் லட்சக்கணக்கான கன்றுகள் நடப்பட்டிருக்கின்றன. அவற்றில் மூத்தவை இப்போது துளைக்கருவி தாங்கும் வயதுக்கு வந்துவிட்டன. பென்சில் கனத்துக்கு ஒரு மரத்துண்டை உருவி, கன அளவு பார்த்து, உலர்த்தி எடைபோட்டால் அடர்த்தி தெரிந்துவிடும். நொய்யல் கரையில் நிற்கும் வேம்பையும் காங்கேயம் பக்கத்து வேம்பையும் இப்படி ஒப்பிட, கோவையில் உள்ள வன மரபியல் மற்றும் மரப் பெருக்கு நிறுவனத்துக்கு ஒரு மணி நேரப் பயணம்தான்.