இருபத்து நான்கு மணி நேரம்

சினிமாவின் வாயிலாகச் சட்டம் கற்கும் வழக்கம் நம்மவரிடையே வேரூன்றிவிட்டபடியால், பிரிக்பீல்ட்ஸ் உணவகங்களில் தே தாரேக்கை ஆற்றியபடி வழக்கு விவகாரம் பேசுவோரிற் பலர், கைது செய்ய வரும் போலீஸ்காரர் மௌன உரிமையை ஒப்பித்தே தீரவேண்டும் என்றும், ஜூரிகள் பன்னிருவர் கூடித்தான் தீர்ப்புரைப்பார்கள் என்றும் நம்புகிறார்கள். இரண்டும் அமெரிக்கச் சம்பிரதாயங்கள். முன்னது 1966-இல் மிராண்டா வழக்கில் அந்நாட்டு உச்சநீதிமன்றம் விதித்தது. இங்கு மலேசியாவிலோ எழுவராக இருந்த ஜூரி முறையே 1995-இல் ஒழிக்கப்பட்டது.

நம் ரட்சை கூட்டரசு அரசியலமைப்பின் 5-ஆவது பிரிவில் இருக்கிறது. கைதானவருக்குக் காரணத்தை இயன்ற விரைவில் தெரிவித்து, அவர் விரும்பும் வழக்கறிஞரோடு கலந்தாலோசிக்க இடங்கொடுத்து, பிரயாண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட்டின் முன் நிறுத்தவேண்டும் என்கிறது அது. உறவினருக்கோ நண்பருக்கோ தகவல் சொல்லும் உரிமையையும் போலீசாரே எடுத்துரைக்கவேண்டும் என்பது குற்றவியல் நடைமுறைச் சட்டம். தன்னைக் குற்றத்தில் சிக்கவைக்கக்கூடிய கேள்விக்குப் பதிலளிக்க மறுக்கலாம் என்பதும் அச்சட்டத்தில் உள்ளதே.

கிள்ளானில் ஒரு வாலிபன் பிடிபட்டு மறுநாட் காலையில் நீதிமன்றத்துக்குக் கொண்டுவரப்படுகிறான் என்று வைத்துக்கொள்வோம். விசாரணை அதிகாரி தம் நாட்குறிப்பின் நகலைச் சமர்ப்பித்துக் காவலை நீட்டிக்கக் கோருவார். மரண தண்டனைக்கோ 14 ஆண்டும் அதற்கு மேலுமான சிறைக்கோ உரிய குற்றமாயின் ஏழும் ஏழுமாகப் பதினான்கு நாள் வரையிலும், அதற்குக் குறைந்ததாயின் நான்கும் மூன்றுமாக ஏழு நாள் வரையிலுந்தான் மாஜிஸ்திரேட் அனுமதிக்கலாம். அவ்வமயம் வாலிபனோ அவனுடைய வழக்கறிஞரோ ஆட்சேபம் கூற இடமளித்தாகவேண்டும். லாக்கப்பில் அடிபட்டிருந்தால் சட்டையை உயர்த்திக் காட்டி முறையிட வேண்டிய ஸ்தலமும் அதுவே; பெரும்பாலோர் தலைகுனிந்து நின்றுவிடுகிறார்கள் என்பதுதான் விசனம். பாதுகாப்புக் குற்றங்களுக்கான 2012-ஆம் ஆண்டின் சொஸ்மா சட்டத்தின்கீழோ போலீஸ் அதிகாரியே 28 நாள் வரை காவலை நீட்டிக்கலாம். என் அபிப்பிராயத்தில் இது அரணில் விட்ட பெரும் ஓட்டை.

பின்னர் வழக்கு, குற்றத்தின் தன்மைக்கேற்ப மாஜிஸ்திரேட், செஷன்ஸ், உயர்நீதிமன்றம் ஆகியவற்றுள் ஒன்றில் தொடங்கும். முறையீடுகள் புத்ராஜெயாவில் உள்ள மேல்முறையீட்டு நீதிமன்றம், கூட்டரசு நீதிமன்றம் வரை ஏறக்கூடும். லண்டன் பிரிவி கவுன்சிலுக்குக் கப்பலேறிய காலம் 1985-இல் முடிந்தது. சாட்சியம் மலாயில் நடந்து, குற்றஞ்சாட்டப்பட்டவருக்குத் தமிழே விளங்குமாயின், அதனைத் தமிழில் மொழிபெயர்த்துச் சொல்லவேண்டும். விளங்காமலே விளங்கியதாகத் தலையசைக்கும் பெரியவர்கள் இதை அவசியம் கேட்டுப்பெறலாம். வழக்கறிஞருக்குக் காசில்லாத பிரஜைகளுக்கென 2012 முதல் தேசிய சட்ட உதவி அறக்கட்டளை இயங்கிவருகிறது. அதன் வழக்கறிஞர்கள் காவல் நீட்டிப்பு விசாரணைக்கே வந்து வாதாடுவார்கள்.