தீவுத் தடங்கள் – 9: உப்புக்காற்றும் பழைய ஹொண்டாவும்

குறிகட்டுவான் இறங்குதுறையில் நெடுந்தீவுப் படகுக்கு மோட்டார் சைக்கிள் ஏற்றுவதை ஒருநாள் நின்று பாருங்கள். தீவுக்கு எந்த வண்டி உகந்தது என்ற கேள்விக்குப் பாதி விடை அங்கேயே கிடைத்துவிடும். ஹொண்டா சீ 90 ஏறத்தாழ 85 கிலோ. முன்னுக்கு ஒருவர், பின்னுக்கு ஒருவர் பிடித்தால் படகுக்குள் வந்துவிடும். சீடி 125 என்றால் இன்னும் இரண்டு பேரைக் கூப்பிட வேண்டும். இரட்டைச் சிலிண்டர், நாலு கியர். பண்ணைப் பாலத்தில் அது போகும் சுகமே தனி. ஆனால் கடல் தாண்டவேண்டிய வீட்டுக்கு நான் சீ 90ஐத்தான் சொல்வேன்.

1958இல் சீ 90இன் மூதாதையான முதல் ஹொண்டா கப் வந்தபோது ஜப்பானிலும் பல தெருக்கள் மண் தெருக்கள்தான். அதற்காகவே 17 அங்குலச் சக்கரம். ஒரு கையில் சாப்பாட்டுத் தட்டோடு ஓட்டுகிறவருக்காகக் கைக் கிளச் இல்லாத கியர். கால் மறைப்பும் முன் மக்காட்டும் பிளாஸ்டிக். எடையைக் குறைக்கச் செய்த வேலை அது. ஊர்காவற்றுறையிலும் நயினாதீவிலும் அதற்கு வேறொரு பயன் கிடைத்தது: சோளகக் காற்று எவ்வளவு உப்பைக் கொண்டுவந்து அடித்தாலும் பிளாஸ்டிக் துருப்பிடிக்காது.

ஜப்பானியத் தபாற்காரருக்கென்று செய்த சிவப்பு எம்டி 90க்கு யாழ்ப்பாணத்தில் இன்றும் தனி மரியாதை. அதன் முன் போர்க், கப்பின் போர்க்கைவிடக் குழியில் நன்றாக அமரும். அதேநேரம் மணல் புகுந்து போர்க்கின் ஒயில் சீலை அரித்தால் செலவு வரும்.

1990இல் போர்க்காலப் பொருளாதாரத் தடையால் பெற்றோலும் பற்றரியும் தடைப்பட்டபோது, தீவுகளிலிருந்து இடம்பெயர்ந்து குடாநாட்டில் இருந்தவர்களும் மண்ணெண்ணெயில்தான் வண்டி ஓட்டினார்கள். குளிர்ந்த எஞ்சினில் மண்ணெண்ணெய் ஆவியாகாது. சின்னப் போத்தலில் வைத்திருந்த பெற்றோலில் கொஞ்சம் காபரேற்றருக்கு விட்டு, உதைத்து, சூடேறிய பிறகே மண்ணெண்ணெய். வெள்ளைப் புகை, அடிக்கடி கரிபிடிக்கும் பிளக், மண்ணெண்ணெய் கலந்து தண்ணீராகும் எஞ்சின் ஒயில். சக்கரக் காந்தத்திலிருந்தே பொறி கிடைக்கும் சீ 50, சீ 70 வண்டிகள் பற்றரி செத்த பிறகும் கிக்கருக்கு எழும்பின. அந்தத் தடையின் ஐந்து வருடத்தைத் தாங்கிய எஞ்சின்களை இப்போது தொட்டாலும் எனக்கு நெஞ்சு நெகிழும்.

இன்றைய பிள்ளைகள் இவற்றை அழகுபடுத்துவதில் எனக்குச் சந்தோஷம். உயர்ந்த கைபிடி, நீள் சீற், பளபளக்கும் சைலன்சர் எல்லாம் செய்யட்டும். செயின் கவரில் மட்டும் கைவைக்க வேண்டாம். காட்டு வண்டித் தோற்றம் வேண்டுமென்று நானும் ஒருகாலம் அதைக் கழற்றப் போனேன். வேலணையில் கராச் வைத்திருந்த ஐயா தடுத்தார்: “தம்பி, உதைக் கழட்டினால் செயின் ஒரு மாரிக்கும் நிக்காது.” நான் கேட்கவில்லை. நெடுந்தீவின் பவளக்கல் தூளும் கடல் ஈரமும் சேர்ந்து செயினை அரைத்துவிட்டன. கவரில் ஒரு ரப்பர் மூடி இருக்கிறது. அதைத் திறந்து விரலால் அழுத்தினாலே செயினின் தளர்வு தெரியும். கவரைக் கழற்றத் தேவையே இல்லை.

இன்னொன்று, கழுவுதல். நெடுந்தீவில் நல்ல தண்ணீர் குடிக்கவே அரிது. வண்டிக்கு ஊற்ற மனம் வராது. ஒயிலில் நனைத்த சீலையால் ஸ்போக்ஸ் கம்பிகளின் அடிமுனைகளைத் துடைத்துவிடுங்கள். துரு முதலில் பிடிப்பது அங்கேதான். கப்பின் சட்டம் குழாயல்ல, அழுத்திய தகடு. அதற்குள் இறங்கும் உப்பு கண்ணுக்குத் தெரியாது. பின்சக்கரத்தைக் கழற்றும்போதெல்லாம் உள்ளே கைவிட்டுத் தடவிப் பாருங்கள். தகடு பொருக்கு விட்டிருந்தால் பெயின்ற் வேலையை நிறுத்திவிட்டு முதலில் வெல்டிங்காரரிடம் போங்கள்.

(தொடரும்)