ஈஸ்ட் ஈந்த மருந்து

நுழையும்முன்

ரொட்டி மாவைப் பொங்கச் செய்யும் ஈஸ்ட், ஒற்றைச் செல்லால் ஆன பூஞ்சை. மனித உடலில் உருவாகும் நுட்பமான புரதங்களை இச்சிற்றுயிரைக் கொண்டு உருவாக்க இயலுமா? இவ்வினாவுக்கு அறிவியல் கண்ட விடையை இப்பாடம் விளக்குகிறது.

புரதமே மருந்து

உடலில் ஒரு புரதம் குறையும்போது, அதனை வெளியிலிருந்து அளித்து நோயைக் கட்டுப்படுத்தலாம். நீரிழிவு நோயாளிகளுக்கு இன்சுலின் செலுத்தப்படுவது இதனால்தான். இன்சுலினுக்குரிய மனித மரபணுவை ஏற்ற ஈஸ்ட், அப்புரதத்தை உருவாக்கித் தருகிறது. 1986ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற கல்லீரல் அழற்சி–பி தடுப்பூசிக்கான புரதமும் ஈஸ்டில் உருவானதே.

சர்க்கரைக் கிளைகள்

எல்லாப் புரதங்களும் இன்சுலினைப் போல எளியவை அல்ல. எரித்ரோபாய்ட்டின் என்னும் புரதம் சிறுநீரகத்தில் சுரந்து, எலும்பு மஜ்ஜையைத் தூண்டி, இரத்தச் சிவப்பணுக்களைப் பெருக்குகிறது. சிறுநீரகம் பழுதடைந்தோர் இது குறைவதால் இரத்தசோகைக்கு ஆளாகின்றனர். இப்புரதத்தின்மீது சர்க்கரை மூலக்கூறுகள் கிளைகளாகப் படர்ந்துள்ளன. கிளைகளின் நுனியில் சியாலிக் அமிலம் உள்ளது. அந்நுனி இல்லையெனில், கல்லீரல் அப்புரதத்தை இரத்தத்திலிருந்து விரைவில் அகற்றிவிடும்.

ஈஸ்டும் புரதங்களில் சர்க்கரையை இணைக்கிறது. தொடக்கத்தில் மனிதச் செல்லும் ஈஸ்டும் ஒரே முறையைப் பின்பற்றுகின்றன. கோல்கை உறுப்பில்தான் வழிகள் பிரிகின்றன. மனிதச் செல், மானோஸ் என்னும் சர்க்கரையைக் குறைத்து வேறு சர்க்கரைகளைச் சேர்க்கிறது. ஈஸ்டோ மானோஸின்மேல் மானோஸை அடுக்குகிறது. அத்தகைய புரதம் உடலில் நெடுநேரம் நிலைப்பதில்லை. நோய் எதிர்ப்பு மண்டலத்தையும் தூண்டக்கூடும்.

ஆகவே, எரித்ரோபாய்ட்டின் போன்றவை ஹாம்ஸ்டர் என்னும் சிறு விலங்கின் அண்டகச் செல்களில் உருவாக்கப்படுகின்றன. அச்செல்கள் இரட்டிப்பாக ஏறத்தாழ ஒரு நாள் ஆகும். ஈஸ்டுக்குச் சில மணி நேரமே போதும். மேலும், எளிய ஊட்டக் கரைசலிலேயே ஈஸ்ட் வளரும்.

பழக்கம் மாறிய ஈஸ்ட்

அமெரிக்காவின் கிளைக்கோஃபை நிறுவன ஆய்வாளர்கள், பிக்கியா பாஸ்டோரிஸ் என்னும் ஈஸ்டைத் தேர்ந்தனர். அதன் இயல்பான சர்க்கரை அடுக்கலுக்குக் காரணமான நான்கு மரபணுக்களை நீக்கினர். பின்னர், பிற உயிரிகளின் பதினான்கு மரபணுக்களைச் சேர்த்தனர். அவற்றுள் சில, ஈஸ்ட் தானாக உருவாக்காத சியாலிக் அமிலத்தை ஆக்குவதற்கானவை.

மரபணுக்களைச் சேர்த்தால் மட்டும் போதாது. ஒரு நொதி முடித்த பணியை அடுத்த நொதி தொடர வேண்டும். ஒவ்வொன்றும் செல்லினுள் உரிய இடத்தில் நிலைபெற வேண்டும். எனவே, நொதிகளோடு அவற்றைத் தக்க இடத்தில் நிறுத்தும் புரதப் பகுதிகளைப் பலவாறு இணைத்துச் சோதித்து, ஏற்றவற்றைத் தெரிவு செய்தனர். 2006ஆம் ஆண்டில், சியாலிக் அமில நுனியுடன் கூடிய, செயல்திறன் மிக்க எரித்ரோபாய்ட்டினை ஈஸ்ட் சுரந்தது.

எனினும், இத்தகைய புரத மருந்துகளுள் பெரும்பாலானவை இன்றும் பாலூட்டிகளின் செல்களிலேயே உருவாகின்றன. ஆய்வகத்தில் வென்ற முறை மருந்தாகி நோயாளியை அடைய, பாதுகாப்பும் பயனும் ஐயமற உறுதிப்பட வேண்டும். அமினோ அமிலங்களின் வரிசையோடு சர்க்கரையின் அமைப்பும் சேர்ந்தே மருந்தின் ஆற்றலை முடிவு செய்கிறது என்பதை இவ்வாய்வு தெளிவுபடுத்தியது.

தெரிந்து தெளிவோம்

கல்லீரல் அழற்சி–பி தடுப்பூசி ஒரு காலத்தில் இந்தியாவில் இறக்குமதியாகி, எளியோர்க்கு எட்டாத விலையில் விற்கப்பட்டது. 1997ஆம் ஆண்டில் ஐதராபாத்தின் சாந்தா பயோடெக்னிக்ஸ் நிறுவனம், பிக்கியா ஈஸ்டைக் கொண்டு உள்நாட்டிலேயே உருவாக்கிய தடுப்பூசி விலையை வெகுவாகக் குறைத்தது.