கடல் முள்ளெலி கற்றுத்தந்த கூரை

முட்டை ஓடுபோல் வளைந்த மெல்லிய கூரை நடுவில் ஒரு தூண்கூட இல்லாமல், கொஞ்சம் பொருளிலேயே பெரிய இடத்தை மூடிவிடும். ஊர் கூடி உட்காரும் அரங்குக்கு இதைவிடப் பொருத்தமான வடிவம் அரிது. ஆனால் இருபதாம் நூற்றாண்டில் இத்தகைய கூரைகளைப் பெரும்பாலும் கான்கிரீட்டில் வார்த்தார்கள். வார்த்ததைக் கழற்றி அடுத்த ஊருக்குக் கொண்டுபோக வழியில்லை. துண்டுகளாகச் செய்தால் கொண்டுபோகலாம். ஆனால் துண்டுகள் சேரும் விளிம்பெல்லாம் கீலாகி மடங்கப் பார்க்கும்.

ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் பல்கலைக்கழகத்தில் கட்டடக் கலைஞர் அகிம் மெங்கஸ், கட்டமைப்புப் பொறியாளர் யான் க்னிப்பர்ஸ் இருவரின் குழுக்களும் இதற்கு விடை தேடிப் போனது கடல் முள்ளெலியின் ஓட்டிடம்.

அந்த ஓடு சுண்ணாம்புத் தகடுகளால் ஆனது. தகடுகளின் மூலைகள் கூடும் எந்தப் புள்ளியை எடுத்தாலும் அங்கே மூன்று தகடுகள்தான் சந்திக்கின்றன. இரண்டு தகடுகள் தங்கள் பொது விளிம்பில் மடங்க முயன்றால், அந்த விளிம்பின் முனையில் நிற்கும் மூன்றாவது தகடு தடுத்துவிடும். சதுரக் கட்டங்களாக நான்கு தகடுகள் கூடும் இடத்தில் விளிம்புகள் ஒரே நேர்கோடாக நீளும். கூரை அந்தக் கோட்டில் மடங்கிவிடும். போதாததற்கு, சில இனங்களில் தகடுகளின் ஓரங்கள் இரு கை விரல்களைக் கோத்ததுபோல் ஒன்றுக்குள் ஒன்று இறங்கியிருக்கின்றன. அதனால் பக்கவாட்டில் நழுவுவதும் இல்லை. மடங்கலும் நழுவலும் வடிவத்திலேயே தடுக்கப்பட்டபின் தகடுகளை இழுத்துச் சேர்த்துவைக்கப் போல்ட்டுகள் போதும். போல்ட் போட்டதைக் கழற்றலாம். இடம் மாற்றக்கூடிய கூரையின் ரகசியம் முழுக்க இந்த மூட்டில்தான் இருக்கிறது. இலை மாதிரி, சிப்பி மாதிரி வெளித்தோற்றத்தை வரைந்துவிட்டு ‘இயற்கைக் கட்டடம்’ என்று சொல்வதற்கும் இதற்கும் வெகுதூரம்.

2011-ல் பல்கலைக்கழக வளாகத்தில் முதல் சோதனை நடந்தது. வெறும் 6.5 மில்லிமீட்டர் தடிமனுள்ள பிளைவுட்; 850-க்கும் மேற்பட்ட துண்டுகள்; விரல்கள்போல் ஒன்றுக்குள் ஒன்று கோக்கும் ஒரு லட்சத்துக்கும் அதிகமான பற்கள். அத்தனையையும் ரோபோ கையே வெட்டியது.

எட்டு ஆண்டுகள் கழித்து, ஹைல்பிரோன் நகரில் நடந்த தேசியத் தோட்டக் கண்காட்சியில் அதே கொள்கையில் எழுந்த கூரை 30 மீட்டர் அகலத்தை மூடியது. கச்சேரிகளுக்கும் பொது நிகழ்ச்சிகளுக்குமான மர அரங்கு அது. 376 துண்டுகள் ஒவ்வொன்றும் உள்ளே வெற்றிடமான பெட்டி. மேலேயும் கீழேயும் மெல்லிய பலகை, சுற்றிலும் விளிம்புச் சட்டம். இதனால் கூரையின் எடை சதுர மீட்டருக்குச் சுமார் 36 கிலோவில் நின்றது. கீழ்ப் பலகையில் விட்ட பெரிய திறப்பு பார்க்க அழகு. போல்ட்டை முடுக்கவும் கழற்றவும் கை நுழையும் வழியும் அதுவே. கூரையை ஏற்றி முடிக்கத் தச்சர்கள் இரண்டு பேருக்குப் பத்து வேலை நாட்கள் ஆயின. கூரை முழுவதையும் தாங்கும் சாரம் எதுவும் தேவைப்படவில்லை. பெட்டிகளைச் செய்த இரண்டு ரோபோக்களும்கூட 20 அடி கன்டெய்னர் அளவிலான மேடையில், தூக்கிச் செல்லும்படியே அமைந்திருந்தன.

376 பெட்டிகளும் தனித்தனி அளவு என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். ஒன்றின் இடத்தில் இன்னொன்று பொருந்தாது. புது ஊருக்குக் கொண்டுபோனால், பழைய வரிசைப்படியே ஒவ்வொன்றையும் அதனதன் இடத்தில் வைக்க வேண்டும்.