ரிப்போர்ட்டில் ‘பாசிட்டிவ்’ என்று இருந்தால்

‘பாசிட்டிவா யோசிங்க’ என்று கேட்டுக் கேட்டு, பாசிட்டிவ் என்றால் நல்லது, நெகட்டிவ் என்றால் கெட்டது என்றே மனத்தில் பதிந்துவிட்டது. துறை மாறினால் இந்தக் கணக்கு செல்லாது. அலுவலகத்தில் ‘பாசிட்டிவ் ஃபீட்பேக்’ என்பது பாராட்டு. பருவநிலை ஆய்வாளர்களுக்கோ அது கவலை தரும் சொல்: ஆர்க்டிக் பனி உருகினால் அடியிலுள்ள கரிய கடல்நீர் வெயிலை அதிகம் உறிஞ்சும், அந்தச் சூட்டில் மேலும் பனி உருகும். விளைவே காரணத்தை வளர்ப்பதுதான் அங்கே பாசிட்டிவ்.

நமக்கு அதிகம் தேவைப்படுவது லேப் ரிப்போர்ட்டில் வரும் பொருள். அங்கே பாசிட்டிவ் என்றால் பொதுவாகத் ‘தேடியது இருக்கிறது’. நெகட்டிவ் என்றால் ‘அகப்படவில்லை’. எதைத் தேடினார்கள் என்று தெரியாமல் மகிழவும் வேண்டாம், பயப்படவும் வேண்டாம்.

காசநோய்க்கான மாண்டூ பரிசோதனையில் முன்கைத் தோலுக்குள் ஊசி போட்டு, 48 முதல் 72 மணி நேரத்துக்குள் தடிப்பை மில்லிமீட்டரில் அளப்பார்கள். சிவந்திருப்பது கணக்கில்லை, தடிப்பு மட்டுமே. அது பாசிட்டிவ் என்றால் கிருமி எப்போதோ உடலுக்குள் வந்திருக்கலாம் என்று பொருள்; இப்போது காசநோய் இருப்பதாக ஆகிவிடாது. பி.சி.ஜி. தடுப்பூசி போட்டவர்களுக்கும் தடிப்பு வரலாம். நோயை உறுதிசெய்ய எக்ஸ்ரே, சளிப் பரிசோதனை வேண்டும்.

சிறுநீர் கல்ச்சர் ரிப்போர்ட்டில் ‘கிராம் நெகட்டிவ்’ என்று இருந்தால் கிருமி இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். 1884-இல் ஹான்ஸ் கிறிஸ்டியன் கிராம் வெளியிட்ட சாயமுறையில் ஊதாச் சாயத்தைப் பிடித்துக்கொள்ளும் பாக்டீரியா பாசிட்டிவ், விட்டுவிடுவது நெகட்டிவ். சிறுநீர்த் தொற்றை அதிகம் உண்டாக்கும் ஈ.கோலை கிராம் நெகட்டிவ்தான். கூடுதலாக ஒரு வெளிச்சவ்வு இருப்பதால் சில ஆன்டிபயாடிக் மருந்துகள் அதற்குள் எளிதில் நுழைவதில்லை.

இரத்த வகையில் வரும் நெகட்டிவ் நோயும் அல்ல, குறையும் அல்ல. சிவப்பணுவின் மேல் ‘டி’ என்ற ஆன்டிஜென் இல்லை, அவ்வளவே. ஆனால் நெகட்டிவ் வகைத் தாய்க்குப் பாசிட்டிவ் குழந்தை பிறக்கும்போது, குழந்தையின் இரத்தம் தாயின் இரத்தத்தில் கலந்தால் தாயின் உடல் அதற்கு எதிர்ப்பொருளை உருவாக்கக்கூடும். அது பெரும்பாலும் அடுத்த கர்ப்பத்தில்தான் குழந்தையின் சிவப்பணுக்களை அழிக்கும். ஆன்டி-டி ஊசி இதைத் தடுக்கிறது: வழக்கமாக 28-ஆம் வாரத்தில் ஒன்று, பிரசவமான 72 மணி நேரத்துக்குள் ஒன்று. கருச்சிதைவு ஆனாலும் இது தேவைப்படலாம். அப்போதும் இரத்த வகையை மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.