புல்வெளிக்கு ஓரம் வெட்டுவது எப்படி?

எங்கள் பள்ளித் தோட்டத்துப் புல்வெளியின் ஓரத்தை வெட்டும் பணியை சிஸ்டர் எங்கள் வகுப்பிடம் ஒப்படைத்தார். “புல்தானே!” என்று எளிதாக எண்ணினேன்.

ஆனால் அருகம்புல் எளிதில் அடங்குவதன்று. அதன் தண்டு தரைமேலும் மண்ணுக்குள்ளும் ஓடி, கணுவுக்குக் கணு வேர்விடும். கவனிக்காவிட்டால் பூப்பாத்திக்குள் புகுந்து, செடிகளின் நீரையும் உரத்தையும் பறித்துக்கொள்ளும்.

ஓரம் வெட்டுவதற்கென்றே அரைவட்டத் தகடும் நீண்ட கைப்பிடியும் கொண்ட கருவி உண்டு. இல்லையேல் தட்டையான, கூரிய மண்வாரி போதும்.

முதல்நாள் மாலையே தண்ணீர் விட்டு மண்ணை இளக்க வேண்டும். இரு முனைகளிலும் முளை அடித்துக் கயிற்றை இழுத்துக் கட்ட வேண்டும். ஓரம் வளைவானால் ரப்பர் குழாயை வளைத்துப் போட்டு அடையாளம் செய்யலாம். பிறகு கயிற்றை ஒட்டிக் கருவியை நேராக நிறுத்தி, ஷூ அணிந்த காலால் மிதித்து, 2 அங்குல ஆழம் இறக்க வேண்டும். புல்லின் அடியைக் குடைந்து வெட்டினால் ஓரம் சரிந்துவிடும்.

நான் கோடு பிசகாமல் வெட்டினேன். பெருமையில், வெட்டிய துண்டுகளைப் பாத்தியிலேயே விட்டுவிட்டேன். இரண்டு வாரத்தில் அவை காசித்தும்பை நாற்றுகளுக்கிடையே துளிர்த்தன. புல்லைப் பிடுங்கியபோது நாற்றுகளும் கையோடு வந்தன. தோட்டக்காரத் தாத்தா கோபிக்கவில்லை. பேசாமல் வேறு விதைகளை எடுத்து என் கையில் கொடுத்தார். திட்டியிருந்தால்கூட அவ்வளவு வருந்தியிருக்கமாட்டேன்.

ஆகவே தோழிகளே, வெட்டுவது பாதி வேலைதான். வெட்டியதைப் பொறுக்கி அகற்றுவதே மறுபாதி!