மருந்தை முறிக்கும் நொதி

உணவுக்குழாய்ப் புற்றுநோய்க்கு நாங்கள் அளிக்கும் மருந்துகளுள் 5-ஃபுளோரோயுராசில் முக்கியமானது. கேபசைட்டபின் மாத்திரையும் உடலுக்குள் சென்றபின் இம்மருந்தாகவே மாறுகிறது. இதில் 80 விழுக்காட்டுக்கும் மேற்பட்ட பகுதியை, பெரும்பாலும் கல்லீரலில் செயல்படும் டிபிடி என்னும் நொதி முறித்துவிடுகிறது.

சிலருக்கு இந்நொதி பிறவியிலேயே குறைவாக இருக்கும். அவர்களுக்கு வழக்கமான அளவே மிகையாகிவிடும். முறியாமல் தங்கும் மருந்து வாய், குடல், எலும்பு மஜ்ஜை ஆகியவற்றின் நலமான செல்களையும் தாக்கும். எனவே சிகிச்சைக்கு முன்பே இக்குறைபாட்டைப் பரிசோதிக்குமாறு ஐரோப்பிய மருந்து முகமை 2020இல் பரிந்துரைத்தது. நொதி குறைந்திருந்தால் மருந்தைக் குறைந்த அளவில் தொடங்கலாம். அறவே இல்லையெனில் இம்மருந்தைத் தவிர்க்க வேண்டும்.

பரிசோதனை எல்லாக் குறைபாடுகளையும் காட்டிவிடாது. ஆகவே குடும்பத்தினரின் கண்காணிப்பு இன்றியமையாதது. முதல் சுற்றுக்குப் பின் கடும் வாய்ப்புண், ஓயாத வயிற்றுப்போக்கு, காய்ச்சல் ஆகியவற்றுள் ஒன்று தோன்றினாலும், மருந்தின் இயல்பு அதுவெனப் பொறுத்திருக்க வேண்டாம். எட்டயபுரத்திலிருந்தும் சுற்றியுள்ள சிற்றூர்களிலிருந்தும் வருவோர் அடுத்த தவணை நாளுக்காகக் காத்திராமல், மாத்திரையை நிறுத்திவிட்டு அன்றே எங்களைத் தொடர்புகொள்ளுங்கள். இரவாயினும் தயங்க வேண்டாம். இதில் ஒவ்வொரு நாளும் உயிருக்கு நிகரானது.